ஒரு மிதி, இரண்டு பிரேக்: ஹைபிரிட் காரின் பிரேக் உணர்வு உருவான வரலாறு

ஹைபிரிட் காரில் பிரேக் மிதி ஒன்றுதான். அதன் கீழே வேலை செய்யும் பிரேக்குகள் இரண்டு. ஒன்று, எல்லாக் கார்களிலும் உள்ள உராய்வு பிரேக்: பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பேட் டிஸ்க்கைக் கவ்விச் சக்கரத்தை நிறுத்துகிறது. மற்றொன்று ஆற்றல் மீட்பு பிரேக்: காரை ஓட்டும் மின் மோட்டாரே டைனமோவாக மாறிச் சக்கரத்தின் சுழற்சியை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது, அந்த வேலையின் சுமையால் வண்டி வேகம் குறைகிறது. மிதி அழுந்தும்போது எந்த பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இந்தப் பங்கீடு காலுக்குத் தெரியாமல் நடந்தால் கார் மற்றக் கார்களைப் போலவே நிற்கும். தெரிந்துவிட்டால், சிக்னலில் நிற்கும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். புதிதாக ஹைபிரிட் கார் ஓட்டுபவர்கள் முதல் சில நாட்களில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். அந்தக் குறை தேய்ந்து வந்ததற்குக் காரணம் ஓட்டுநரின் கால் பழகியது மட்டுமல்ல. காலுக்கு ஏற்ப இயந்திரமும் கால் நூற்றாண்டாகத் திருத்தப்பட்டு வந்திருக்கிறது.

மிதியும் சக்கரமும் நேரடியாகப் பேசிய காலம்

பிரேக் உணர்வு என்பது மூன்று அளவுகளின் பொருத்தம்: மிதி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, அதற்குக் கால் எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது, வண்டியின் வேகம் எவ்வளவு குறைகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று சீராக ஏறி இறங்கினால் ஓட்டுநர் பிரேக்கைப் பற்றி நினைப்பதே இல்லை.

தொடக்ககாலக் கார்களில் மிதியையும் பிரேக்கையும் கம்பியும் இரும்புத் தண்டும் இணைத்தன. நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் பிடிப்பது அரிது. 1917இல் மால்கம் லாக்ஹீட், திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் வந்த டியூசன்பர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களுக்கும் அதைக் கொண்டுவந்தது. 1927இல் ஆல்பர்ட் டெவான்ட்ரே, என்ஜின் இழுக்கும் வெற்றிடத்தைக் கொண்டு காலுக்குத் துணைசெய்யும் பூஸ்டரை உருவாக்கினார். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பிரேக் ஆயில் என்ற இந்த அமைப்பே உலகம் முழுவதும் நிலைபெற்றது.

இதில் காலுக்கும் பேட்டுக்கும் இடையே அறுபடாத ஒரு திரவத் தொடர்பு இருக்கிறது. அதனால் கோளாறும் காலுக்குத் தெரியும். ஆயில் குழாயில் காற்று புகுந்தால் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். பூஸ்டர் பழுதானால் கல்லு மாதிரி நிற்கும். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் மிதியை இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

இந்தத் தொடர்பை மாற்றினால் ஓட்டுநர் தடுமாறுவார் என்பது ஹைபிரிட் காருக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்தி. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் மிதிக்குப் பதிலாகத் தரையில் காளான் வடிவில் ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. அது கீழே இறங்குவது மிகச் சிறிதளவே. பிரேக்கின் அளவைத் தீர்மானித்தது பாதத்தின் அழுத்தம் மட்டுமே. மற்றக் கார்களில் பழகியவர் வழக்கம்போல் மிதித்தால் வண்டி சட்டென்று நின்றது. சில நாட்கள் ஓட்டியவர்கள் அதையே விரும்பத் தொடங்கினார்கள்.

தண்டவாளத்தில் தொடங்கிய மின் பிரேக்

மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தும் கருத்து 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவில் பிராங்க் ஸ்பிரேக்கின் நிறுவனம் 1886இல் ஆற்றலைத் திருப்பித் தரும் பிரேக்கை அறிமுகப்படுத்தியது. பாரிஸில் லூயி அந்துவான் கிரீகர் 1890களில் குதிரை வண்டிகளை முன்சக்கர மின் வண்டிகளாக மாற்றியபோது அவற்றிலும் இதைச் சேர்த்தார். இங்கிலாந்தில் ஜான் ராவொர்த்தின் காப்புரிமைகளைக் கொண்டு 1903 முதல் பல ஊர்களின் டிராம்களில் இது பயன்பட்டது. ராட்டன்ஸ்டால் என்ற ஊரில் நேர்ந்த கடும் விபத்துக்குப் பிறகு 1911இல் அங்கே இதற்குத் தடை வந்தது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்தே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

மலைப்பாதை ரயில்களுக்கு இந்த பிரேக் மிகவும் பொருந்தியது. பம்பாயிலிருந்து புணேவுக்கும் இகத்புரிக்கும் ஏறும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் 37 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் உண்டு. 1929, 1930 ஆண்டுகளில் இப்பாதைகள் மின்மயமானபோது ஓடிய டபிள்யூசிஜி-1 வகை மின் என்ஜின்கள், சரக்கு ரயிலை இறக்கத்தில் கட்டுப்படுத்திக்கொண்டே மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்பின.

ரயிலுக்கும் காருக்கும் இங்கே ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. ரயில் என்ஜினில் மின் பிரேக்குக்கும் காற்று பிரேக்குக்கும் பொதுவாகத் தனித்தனிக் கைப்பிடிகள். எது பிடிக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். அதற்கு அவர் பயிற்சி பெற்றவர். காரில் இரண்டையும் ஒரே மிதிக்குள் ஒளித்துவைத்து, பயிற்சி ஏதும் இல்லாதவரிடம் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல் பேட்டரி. மேல்கம்பி வரும் மின்சாரத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். பேட்டரி தன் நிலைக்கேற்பத்தான் வாங்கும். அமெரிக்கன் மோட்டார்ஸ் 1967இல் காட்டிய அமிட்ரான் என்ற சிறிய மின் காரில் ஆற்றல் மீட்பு பிரேக் இருந்தது. ஆனால் அது மாதிரி வண்டியாகவே நின்றுவிட்டது. விரைவாக மின்சாரம் ஏற்றுக்கொள்ளும் பேட்டரியும், நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுவும் மலிவாகும்வரை இந்த பிரேக் பொதுமக்களின் காருக்கு வரவில்லை.

1997: பிரியஸும் கடைசிச் சில மீட்டரும்

தகேஷி உச்சியமாடா தலைமையில் உருவான டொயோட்டா பிரியஸ், 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அதுவே. பெட்ரோல் செலவு குறைந்ததை எல்லோரும் பாராட்டினார்கள். பிரேக்கைப் பற்றி அதே பாராட்டு வரவில்லை. வண்டி நிற்கும் நொடியில் தலையை வெட்டி இழுக்கும் பிரேக்கை ஜப்பானியர் பேச்சுவழக்கில் ‘கக்குன்’ பிரேக் என்பார்கள். தொடக்ககால ஹைபிரிட் கார்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெட்டு எங்கே பிறக்கிறது என்பதை ஒரு சாதாரண நிறுத்தத்தில் பார்க்கலாம். கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சிக்னலை நெருங்குகிறது. ஓட்டுநர் மிதியை மெதுவாக அழுத்துகிறார். தொடக்கத்தில் ஏறக்குறைய முழு பிரேக்கும் மோட்டாரிடமிருந்தே வருகிறது. பேட் டிஸ்க்கை லேசாகத் தொடுகிறது, அல்லது தொடுவதே இல்லை. வேகம் 15, 12, 10 எனக் குறையும்போது மோட்டார் மிக மெதுவாகச் சுழல்வதால் அதிலிருந்து பயனுள்ள மின்சாரம் எடுக்க முடிவதில்லை. அதன் பிடி தளர்கிறது. தளரும் அதே அளவுக்கு எண்ணெய் பிரேக், அதாவது பிரேக் ஆயிலால் இயங்கும் உராய்வு பிரேக், இறுக வேண்டும். ஓட்டுநரின் கால் அசையவில்லை. ஆனால் உள்ளே ஒரு பிரேக் கைவிட்டு இன்னொன்று கைப்பற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் பிரேக் ஒரு கணம் பிந்தினால் வண்டி முன்னே நழுவுவதுபோல் இருக்கும். கால் தானாகவே மேலும் அழுத்தும். அடுத்த கணமே இரண்டும் சேர்ந்து பிடித்து வண்டி வெட்டி நிற்கும்.

மோட்டாரின் பிடியைக் கணினி துல்லியமாக அறியும். பேட்டின் பிடியை அப்படி அறிய முடியாது. டிஸ்க் சூடாக இருந்தால் ஒரு பிடி, மழையில் நனைந்தால் ஒரு பிடி, இரவெல்லாம் நின்று லேசாகத் துருப்பிடித்திருந்தால் இன்னொரு பிடி. எவ்வளவு எண்ணெய் அழுத்தம் எவ்வளவு பிரேக் தரும் என்ற கணக்கு ஒவ்வொரு காலையும் சற்று மாறுகிறது. பேட்டரி நிறைந்துவிட்டாலும் பங்கீடு மாறுகிறது. அதே மிதி, அதே அழுத்தம், வேறு விகிதம். பழைய காரில் காலுக்கு நேரடியாகக் கிடைத்த செய்தி இங்கே கணினியின் மதிப்பீட்டின் வழியாக வந்து சேர்கிறது.

செயற்கையாக உருவாக்கப்பட்ட உணர்வு

இந்தச் சிக்கலுக்கு நிறுவனங்கள் இரண்டு வழிகளைத் தேடின. முதல் வழி எளியது: எண்ணெய் பிரேக்கை வழக்கம்போல் விட்டுவிட்டு, அதன் மேல் சிறிதளவு மோட்டார் பிரேக்கைச் சேர்ப்பது. 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் போன்ற, என்ஜினுக்குச் சிறிய மோட்டார் துணை நிற்கும் கார்கள் இதைப் பின்பற்றின. கால் அதிகம் தடுமாறவில்லை. மீட்கும் மின்சாரமும் குறைவு.

இரண்டாவது வழி, மிதியைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடுவது. 2001இல் எஸ்டிமா ஹைபிரிட் வேனிலும், 2003இல் இரண்டாம் தலைமுறை பிரியஸிலும் டொயோட்டா இதைச் செய்தது. இதில் மிதியின் ஆழத்தையும் அழுத்தத்தையும் சென்சார்கள் அளக்கின்றன. பேட்டுக்கு வேண்டிய எண்ணெய் அழுத்தத்தை ஒரு மின் பம்ப் தருகிறது. காலடியில் உணரப்படும் எதிர்ப்பு, ஸ்பிரிங் வைத்த தனிச் சிலிண்டர் ஒன்று உண்டாக்கும் போலி எதிர்ப்பு. மின்சாரமோ கணினியோ செயலிழந்தால் மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் நேராகச் சக்கரத்துக்குப் போகும்படி வால்வுகள் திறந்துகொள்ளும். அப்போது மிதியை மிகப் பலமாக அழுத்த வேண்டும்.

இந்த மாற்றம் ஒர்க்‌ஷாப்புக்கும் புதிது. பிரியஸின் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் ‘கிர்ர்’ என்று ஓடி அழுத்தத்தைத் தயார் செய்யும். பேட் மாற்றும்போது அந்த அமைப்பு விழித்துக்கொண்டால் பேட்டை அழுத்தும் காலிப்பர் திடீரென நகர்ந்து விரலை நசுக்கலாம். அதனால் வேலைக்கு முன் அதை முறைப்படி முடக்க வேண்டும். பிரேக் ஆயிலிலிருந்து காற்றை எடுக்கவும் ஸ்கேன் கருவி தேவைப்பட்டது. மிதியை அழுத்திப் பார்த்தே கோளாறு சொல்லும் பழைய முறை இங்கே பாதிதான் பலித்தது, ஏனெனில் காலுக்குத் தெரிவது சக்கரத்தின் நிலை அல்ல.

மெர்சிடிஸ் பென்ஸும் 2001இல் எஸ்எல் காரில் மின்னணு பிரேக்கைக் கொண்டுவந்தது. அது ஹைபிரிட்டுக்காக அல்ல, விரைவான பிரேக்குக்காக. கோளாறுகள் காரணமாக 2004இல் சுமார் 6,80,000 கார்களையும், 2005இல் சுமார் 13 லட்சம் கார்களையும் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2006இல் இ-கிளாஸ் கார் பழைய எண்ணெய் பிரேக்குக்கே திரும்பியது. ஹைபிரிட் கார்களுக்கு அப்படித் திரும்பிப் போக வழி இல்லை; மீட்கும் மின்சாரம் போய்விட்டால் ஹைபிரிட்டின் சிக்கனத்தில் பெரும்பகுதி போய்விடும்.

2010: உணர்வு பாதுகாப்புப் பிரச்சினையான ஆண்டு

2009 மே மாதம் மூன்றாம் தலைமுறை பிரியஸ் வந்தது. குண்டும் குழியுமான சாலையிலோ பனி படிந்த இடத்திலோ லேசாக பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிரேக் விட்டுப்போவதாக ஓட்டுநர்கள் புகார் செய்தார்கள். சக்கரம் வழுக்கியதும், அது பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் விழித்துக்கொள்கிறது. மோட்டார் பிரேக் விலக்கப்படுகிறது. எண்ணெய் பிரேக் முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. இந்த மாறுதலில் பிரேக்கின் அளவு, கால் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைந்தது. மிதியை மேலும் அழுத்தினால் கார் நிற்கும். ஆனால் அந்தக் கணத்தில் வண்டி கூடுதல் தூரம் ஓடிவிடும்.

தொடக்கத்தில் நிறுவனம் இதை ஓட்டுநரின் உணர்வு சார்ந்த விஷயமாகவே விளக்கியது. அந்த விளக்கம் எடுபடவில்லை. 2010 பிப்ரவரி 9 அன்று பிரியஸ், சாய், லெக்ஸஸ் எச்எஸ் 250எச் ஆகிய ஹைபிரிட் கார்களில் சுமார் 4,37,000 உலகம் முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டன. பழுதான உதிரிப்பாகம் எதுவும் மாற்றப்படவில்லை. ஏபிஎஸ் மென்பொருள் திருத்தப்பட்டது. அதே மாதம் ஃபோர்டு, தன் ஃபியூஷன், மெர்குரி மிலான் ஹைபிரிட் கார்களில் சுமார் 17,600க்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தது. அங்கேயும் பிரேக் போகவில்லை. மாறுதலின்போது போனதாகத் தோன்றியது. பிரேக் உணர்வு சொகுசு சார்ந்த விஷயம் மட்டுமல்ல, அதுவும் பாதுகாப்பின் பகுதி என்பது இதன்பின் விவாதத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

அடுத்த தலைமுறைக் கருவிகள் இந்தப் பாடத்தோடு வந்தன. வெற்றிடப் பூஸ்டருக்குப் பதிலாக மின் மோட்டாரால் இயங்கும் பூஸ்டரை பாஷ் நிறுவனம் 2013இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஹோண்டா தன் அக்கார்டு, ஃபிட் ஹைபிரிட் கார்களில் எலெக்ட்ரிக் சர்வோ பிரேக்கைச் சேர்த்தது. எண்ணெய் அழுத்தத்தை வேகமாகவும் துல்லியமாகவும் ஏற்றி இறக்க முடிந்ததால், இரண்டு பிரேக்குகளும் கைமாறும் இடம் காலுக்குப் பெரும்பாலும் தெரியாமல் போனது.

ஓட்டுநரைப் பழக்கிய திரை

இயந்திரம் திருந்திய அதே காலத்தில் ஓட்டுநரைப் பழக்கும் முயற்சியும் நடந்தது. 1,400 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 54 வாட்-மணி. 2003 பிரியஸின் திரையில், மீட்ட ஒவ்வொரு 50 வாட்-மணிக்கும் ஒரு சின்னம் தோன்றும். பலமாக பிரேக் பிடித்தால் பேட் உள்ளே வந்து ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடும். முன்கூட்டியே மெதுவாக அழுத்தத் தொடங்கினால் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகும். சின்னத்தைப் பார்த்தே பலர் இதைக் கற்றார்கள். ஃபோர்டின் 2013 ஃபியூஷன், சி-மேக்ஸ் ஹைபிரிட் கார்கள் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் எத்தனை சதவீதம் மீட்கப்பட்டது என்பதையே காட்டின. சிக்கனமாக நிறுத்தும் கால், மென்மையாக நிறுத்தும் காலாகவும் ஆனது. மிதியின் மீது அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருப்பதே இரண்டுக்கும் வழி.

இன்னொரு வழியில் மோட்டார் பிரேக்கை மிதியிலிருந்தே வெளியே எடுத்தார்கள். நிசான் 2016இல் நோட் இ-பவர் காரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டியின் வேகம் நன்றாகக் குறையும் ஏற்பாட்டைத் தந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பல கார்களில் வந்தது. பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை வேண்டும் என்பதால் ஐ.நா. வாகன விதிகள் இதற்கும் அளவு வகுத்தன: ஆக்ஸிலரேட்டரை விடுவதால் மட்டும் வேகம் நொடிக்கு நொடி 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும், 0.7 மீட்டர் வரை எரியக் கூடாது.

இலங்கையும் இந்தியாவும்

தமிழ் பேசும் பகுதிகளில் ஹைபிரிட் கார் முதலில் பரவலானது இலங்கையில். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் இறக்குமதி வரிச் சலுகையால் ஜப்பானிலிருந்து பிரியஸ், அக்வா, வெசல் போன்றவை பெருமளவில் வந்தன. இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008இலும் பிரியஸ் 2010இலும் வந்தாலும் விலை காரணமாகப் பரவவில்லை. 2022இல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் வடிவங்கள் அடுத்தடுத்து வந்த பிறகே இது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சுப்பொருளானது.

இங்கே பழக்கம் சோதிக்கப்படும் இடம் மலைப்பாதை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். 1,400 கிலோ கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 7 கிலோவாட்-மணியைத் தாண்டும். மேற்சொன்ன கார்களின் பேட்டரியோ 2 கிலோவாட்-மணிக்கும் குறைவு. டயர் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் ஒரு பங்கு கழிந்தாலும் பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிடலாம். அப்போது மோட்டார் பிரேக் குறைகிறது. பெட்ரோல் எரியாமலே என்ஜின் வேகமாகச் சுழன்று மிச்சத்தைத் தாங்குகிறது. அந்தச் சத்தத்தைக் கோளாறு என்று நினைத்து அஞ்சுபவர்கள் உண்டு. கியர் நெம்புகோலில் உள்ள ‘B’ நிலை இதற்காகவே வைக்கப்பட்டது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய மலைப்பாதை விதி ஹைபிரிட் காரில் இந்த நிலையாகத் தொடர்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் வழக்கம் இங்கே இரட்டை நட்டம்: டொயோட்டா வகை ஹைபிரிட்டில் நியூட்ரலில் பேட்டரிக்கு மின்சாரமும் ஏறாது, சுமை முழுவதும் பேட்டின் மேல் விழும்.

குறைவாகப் பயன்படுவதால் ஹைபிரிட் காரின் பேட் நீண்ட காலம் உழைக்கிறது. அதே காரணத்தால் டிஸ்க்கில் துரு தங்குகிறது. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் காலையில் முதல் சில நிறுத்தங்களில் பிடி சற்றுக் கரடுமுரடாக இருக்கும். அவ்வப்போது வெறிச்சோடிய சாலையில் பலமாக பிரேக் பிடித்துத் துருவைத் துடைப்பது நல்லது. அவசரத்தில் மட்டும் ஹைபிரிட்டுக்கென்று தனிப் பழக்கம் கிடையாது: மிதியை முழுப் பலத்தோடு அழுத்தி அப்படியே பிடித்திருக்க வேண்டும், மோட்டாரை விலக்கிப் பேட்டைக் கொண்டுவருவது கணினியின் வேலை.